மறுமொழி: சூடோஜீன் – ‘போலி மரபணு’ சரியா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மணம் அறிய உதவும் முகர்வு மரபணுக்கள் பற்றிய கட்டுரைக்காக, ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு எழுதியிருந்தேன். மறுமொழி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. மூக்கில் மணத்தைப் பிடிக்கும் புரதத்துக்கு வைத்த ‘முகர்வு ஏற்பி’யை யாரும் மறுக்கவில்லை, அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ‘முகர்வு’க்குப் பதில் ‘நுகர்வு’ என்றால், அது நல்ல பழைய சொல்தான். ஆனால் இன்று நுகர்வோர் என்றால் பொருள் வாங்குபவர் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். மாட்டிக்கொண்டு நிற்பது சூடோஜீன் (pseudogene), அதாவது மரபணு போலவே இருந்தும் வேலை செய்யாதது.

> ‘போலி மரபணு’ ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்கு மாற்றவேண்டும்?

போலி டாக்டர், போலிப் பத்திரம், போலி மருந்து. இங்கெல்லாம் போலி என்பது ஒருநாளும் அசலாக இல்லாதது. அசல் மாதிரி வேடம் போட்டது. முகர்வு மரபணுக்களின் கதையோ நேர்மாறு. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் இந்த மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள் (2004 நோபல் பரிசு அதற்குத்தான்). மனித மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட பிறகு எண்ணிப் பார்த்தால், இந்தக் குடும்பத்தில் வேலை செய்பவை ஏறக்குறைய 400. வேலை செய்யாமல் கிடப்பவை அதைவிட அதிகம். எலியிடம் வேலை செய்பவையே ஆயிரத்துக்கு மேல்.

நம்மிடம் கிடக்கும் அந்தப் பாதிக்கு மேற்பட்டவை போலிகளா? நம் மூதாதை விலங்குகளின் மூக்கில் இவற்றில் பல மணம் பிடித்தவை. இந்த மரபணு ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் எழுத்து (டி.என்.ஏ.யின் வேதி எழுத்து) நீளம். நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, ‘இங்கே நிறுத்து’ என்ற குறி முளைத்துவிட்டால் போதும், புரதம் பாதியிலேயே நின்றுவிடும். பாதி ஏற்பியால் எந்த மணத்தையும் பிடிக்க முடியாது. ஆனால் மரபணு இருந்த இடத்திலேயே இருக்கும், தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும், வேலை மட்டும் நடக்காது. அப்புறம் மேலும் மேலும் எழுத்துகள் சிதைந்துகொண்டே போகும்.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது. நின்ற இடத்திலேயே உயிர் போய், கிளையும் அடிமரமுமாக அப்படியே நிற்கும் மரத்தைப் பட்ட மரம் என்கிறோம். ‘வேப்பமரம் பட்டுப்போச்சு’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதனால் என் முன்மொழிவு: பட்ட மரபணு. வினையும் கூடவே வருகிறது. ‘இந்த மரபணு குரங்கில் தழைக்கிறது, மனிதனில் பட்டுவிட்டது’ என்று எழுதலாம். ‘போலி’யை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், நகராது.

மூக்குக்கு வெளியேயும் இது பொருந்துகிறது. உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்ள உதவும் மரபணு ஆட்டிடம் தழைக்கிறது, நம்மிடம் பட்டுவிட்டது. அதனால்தான் நமக்கு நெல்லிக்காய் தேவைப்படுகிறது, ஆட்டுக்குத் தேவைப்படுவதில்லை. டால்பின்களின் முகர்வு மரபணுக்களில் பெரும்பாலானவை பட்டவையே.

> ‘தூர்ந்த மரபணு’? தூர்ந்த கிணறு மாதிரி.

அழகான சொல், இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தூர்ந்த கிணற்றைத் தூர்வாரினால் தண்ணீர் வந்துவிடும். பல இடங்களில் சிதைந்த மரபணு அப்படி மீளாது.

> ஆர்.என்.ஏ.விலிருந்து (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் படி) திரும்பப் படியெடுக்கப்பட்டு வேறெங்கோ செருகப்பட்டவையும் சூடோஜீன்தானே? அவற்றில் பெரும்பாலானவை ஒருநாளும் வேலை செய்ததில்லை.

இது சரியான மறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்குப் ‘போலி’யே பொருத்தம். சூடோஜீன் என்ற பெயரே 1977இல் ஓர் ஆப்பிரிக்கத் தவளையின் மரபணுவுக்கு அருகில், அதைப் போலவே ஆனால் குறைபட்டுக் கிடந்த ஒரு படிக்கு வைத்ததுதான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டது. நாமும் அடைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வேலை செய்து ஓய்ந்தது பட்ட மரபணு. வெறும் படியாகவே பிறந்தது போலி மரபணு.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது, என்னை இந்தச் சொல்லுக்குத் தள்ளியதே அதுதான். ஓஆர்11எச்7பி என்று ஒரு முகர்வு மரபணு. கடைசியில் இருக்கும் ‘பி’ சூடோஜீன் என்பதற்கான முத்திரை. ஆனால் அது எல்லோரிடமும் சிதைந்திருக்கவில்லை, சிலரிடம் முழுதாக இருக்கிறது. வியர்வையில் ஊறிய காலுறையில் வீசும் ஐசோவேலரிக் அமிலத்தை வைத்து இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள்: ஒரு முழுப் படியாவது உள்ளவர்கள் அந்த வாடையைக் கூர்மையாகப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

படித்ததும் அக்கா வீடு நினைவுக்கு வந்தது. அவள் மகன் கால்பந்து ஆடிவிட்டு வந்து ஷூவுக்குள் சுருட்டித் திணித்த காலுறையை, அக்கா கூடத்திலிருந்தே கண்டுபிடித்து, ‘எடுத்து வெளியே போடு’ என்று சத்தம் போடுவாள். நான் அந்த ஷூ அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன், ஒன்றும் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது இந்த மரபணுதானா என்று சோதிக்காமல் சொல்லமுடியாது. ஆனால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிலும் ஒருவரிடம் தழைத்து, இன்னொருவரிடம் பட்டுப்போக முடியும். அவளிடம் தழைப்பதைப் ‘போலி’ என்று எப்படி எழுதுவது?

இப்படி ஆளுக்கு ஆள் மாறுபவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘பகுதி பட்ட’ என்றால் மரபணுவின் ஒரு துண்டு மட்டும் பட்டது என்று தப்பாகப் படும். இப்போதைக்குக் கட்டுரையில் ‘சிலரிடம் பட்ட மரபணு’ என்றே விரித்து எழுதியிருக்கிறேன். ஒரே சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், அன்றுதான் கட்டுரையை ஒப்படைக்கவேண்டும்.