பை கொடுக்கலாம், கூலியைக் கேட்கக் கூடாதா?

மாலைமணி:
எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சமூகத்தில்) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். வாரந்தோறும் இருவர் இருவராக வீடு சந்திக்கப் போவோம். நான் போகும் வீடு ஒன்றில் ஓர் அம்மா. கணவர் இல்லை, பிள்ளைகள் இருவர். மாதம் ஒரு முறை உணவுப் பை கொடுக்கிறோம். போன வாரம் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து காட்டினார். துப்புரவு வேலைக்குப் போன நாட்களைக் கோடு கோடாகக் குறித்திருக்கிறார். மூன்று மாதக் கூலி வரவில்லை. "கூலி வந்திருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் இருக்காதே" என்றார்.

கூலி தர வேண்டியவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். பைகளுக்கான பணத்தில் பெரும் பகுதி அவர் தருவதுதான்!

கூட்டத்தில் சொன்னேன். "நாம் தர்மம் செய்யும் சபை, தகராறு தீர்க்கும் சபை அல்ல" என்று தலைவர் முடித்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

பழைய செயலர்:
தலைவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. கூட்டத்தில் சொல்வதற்கு முன் அந்த அம்மாவைக் கேட்டீர்களா? அவர் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார் என்றால், உங்கள் கோபத்தால் அடி வாங்கப்போவது அவர்தான். அவர் விரும்பினால் தொழிலாளர் அலுவலகத்துக்குத் துணையாகப் போங்கள்; விரும்பாவிட்டால் காத்திருங்கள்.

1833இல் பாரிசில் நண்பர்களோடு நம் சபையைத் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாம் என்பவருக்கு வயது 20. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரொசாலி ராந்து என்ற அருட்சகோதரி. பையைக் கோயில் வாசலிலேயே கொடுத்துவிடலாம். வீட்டுக்குப் போவது, அந்த நோட்டைப் போன்ற ஒன்று கண்ணில் படட்டும் என்றுதான்.

திருச்சட்ட மாணவர்:
1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை) பொதுநிலையினரின், அதாவது குருக்களோ துறவியரோ அல்லாத விசுவாசிகளின், திருத்தூதுப் பணி பற்றி வெளியிட்ட ஆணையின் 8ஆம் பிரிவைத் தலைவரிடம் காட்டுங்கள். நீதிப்படி சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிட வேண்டும். அதையே அன்புக் கொடையாகக் காட்டக் கூடாது என்கிறது. உங்கள் பங்கில் அந்த அம்மாவின் கூலியே சுற்றிக்கொண்டு பையாக வருகிறது. திருச்சபையின் சட்ட நூலான திருச்சட்டத் தொகுப்பின் 222ஆம் சட்டமும், சமூக நீதியை வளர்ப்பதையும் ஏழைகளுக்கு உதவுவதையும் ஒரே வாக்கியத்தில் விசுவாசிகளின் கடமையாக வைக்கிறது. உரிய கூலியைப் பறிப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் குற்றம் என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதியது விவிலியத்தின் யாக்கோபு 5:4ஐ வைத்துத்தான்.

தையல்காரி:
நான் பை வாங்கியவள். பையோடு வருகிறவர்களிடம் குறை சொல்லத் துணிவே வராது. அடுத்த மாதம் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம். நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார் என்றால் அந்த அம்மா உங்களை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! தயவுசெய்து இந்த விவகாரத்தில் பையை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் இன்றைக்குச் சாப்பிட வேண்டும்.

அந்த நன்கொடை நின்றுபோனால் மற்ற வீடுகளுக்கு என்ன செய்வது என்றுதான் உங்கள் தலைவர் அஞ்சுகிறார் என்று நினைக்கிறேன். அதை அவரிடமே மனம்விட்டுக் கேளுங்கள்.

மாலைமணி:
செயலர் ஐயா, நான் அந்த அம்மாவைக் கேட்கவில்லை. கூட்டத்தில் அவர் பெயரையும் சொல்லிவிட்டேன். நேற்றுப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன்னோடு வேலை செய்த இன்னும் இருவருக்கும் கூலி வரவில்லை, கேட்பதாக இருந்தால் மூவருக்கும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றார். அந்த இருவரும் எங்கள் பங்கினர் அல்லர். எங்கள் பட்டியலிலும் இல்லை.

வியாழக்கிழமை பங்குத்தந்தையைப் பார்க்கிறோம். நோட்டைத் தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.