ஷியாபூ கடற்கரை: குழுவோடு போவதா, தனியாகவா?

முக்காலி: சீனாவில் ஃபூஜியான் மாகாணத்து ஷியாபூ கடற்கரைக்கு ஆறே பேர் போகும் ஒளிப்படப் பயணம் ஒன்றில் சேரலாமென்று இருக்கிறேன். வேன், தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம். ஆனாலும் கையைக் கடிக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்: பணத்தைக் கொட்டாதீர்கள். ஃபூசோவில் அதிவேக ரயில் ஏறினால் ஷியாபூ நிலையத்திலேயே இறங்கலாம். அங்கே நடப்பதும் பாதி நாடகம்தான். யாங்ஜியாஷி ஆலமரத்தடியில் ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். மரத்துக்குப் பின்னால் இன்னொருவர் வைக்கோலைக் கொளுத்திப் புகை மூட்டுவார். வெயில் கற்றை கற்றையாக இறங்கும். படம் சரியாக விழவில்லையா? காசு கொடுத்தால் மாடு திரும்பவும் நடக்கும். இதற்கு வழிகாட்டி வேறு!

ஈரமணல்: ஆலமரத்தை விடுங்கள். ஷியாபூவுக்குப் போவதே சேற்றுக்காகத்தான். அங்குள்ள பெய்ச்சி கடலோரத்தில் கடல்நீர் வற்றினால்தான் மணல்திட்டின் வரிகள் தெரியும். கடற்பாசி வளர்க்க நட்ட மூங்கில் கழிகளும் அப்போதுதான் நெடுக வெளியே தெரியும். வற்றும் நேரமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று விடியலில் வற்றிக் கிடக்கும் கடல், அடுத்த வாரம் அதே விடியலில் நிரம்பி நிற்கும். எந்த நாளில் காலைக்குப் பெய்ச்சி, எந்த நாளில் மாலைக்கு இன்னொரு கடலோரமான ஷியாவ்ஹாவ் என்று கணக்குப் போடத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கூலி.

கடற்காகம்: கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை கைப்பேசியிலேயே கிடைக்கிறதே! ஆறு பேரும் ஒரே மேட்டில் நின்று ஒரே படத்தை எடுத்துவருவதற்கா இவ்வளவு செலவு?

ஈரமணல்: அட்டவணை விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி ஓட்டிவராது. கூகுள் வரைபடத்தை நம்பி அங்கே இறங்க முடியாது. மீனவ ஊர்ச் சந்துகளில் சீனம் தெரியாமல் வழி கேட்டுப் பாருங்கள், தெரியும்.

நெய்தல்: இருவருமே பருவத்தை மறந்துவிட்டீர்கள். கெல்ப் பாசியை அறுத்துக் கழிகளில் காயப்போடுவது வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் சமயம். நோரி என்ற இன்னொரு பாசிக்கு இலையுதிர்காலத்திலிருந்து குளிர்காலம் வரை. எது வேண்டுமென்று முதலில் முடிவு செய்யுங்கள். ட்ரோன் கொண்டுபோவதாக இருந்தால் உண்மைப் பெயரில் பதிவு செய்தாக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் விதி.

முக்காலி: அப்படியானால் தேதியை எதை வைத்துக் குறித்தார்கள் என்று கேட்டுவிடுகிறேன். பதில் மழுப்பலாக வந்தால் சேரப்போவதில்லை.

கடற்காகம்: கேளுங்கள். மாட்டுக்காரருக்கும் வலை வீசிக்காட்டும் மீனவருக்கும் தரும் காசு கட்டணத்துக்குள்ளா வெளியேயா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஈரமணல்: வலை வீசுவதும் உழைப்புத்தானே? அவர் காசு வாங்கினால் உங்களுக்கு என்ன?

கடற்காகம்: தாராளமாக வாங்கட்டும். அந்தப் படத்தின் கீழே 'மீனவர் வாழ்வில் ஒரு நாள்' என்று எழுதிப் போட்டிக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.