மாயாற்றங்கரையில் சும்மா கிடக்கும் நிலத்தில் மரம் நடலாமா?

மரக்கன்று:
எங்கள் குழு வருடா வருடம் மழைக்கு முன்னால் கன்று நடும். இந்த முறை மாயாறு பவானிசாகர் அணையில் வந்து சேரும் பக்கம் நடலாம் என்று யோசனை. ஆற்றை ஒட்டிப் பெரிய மரங்கள், அதற்கு அப்பால் புல்லும் முள்ளுமாக மொட்டை வெளி. அனுமதி வாங்கி அதை நிரப்பினால் காட்டுக்கு நல்லதுதானே? என்ன மரம் வைக்கலாம்?

பவானிக்கரை:
தயவுசெய்து வேண்டாம். அது மொட்டை நிலம் இல்லை, வெள்ளம் வந்து போகிற நிலம். ஆறு கரை புரளும்போது தண்ணீர் அங்கேதான் பரவி வேகம் தணிகிறது, வண்டல் படிகிறது, வடிந்ததும் புல் கிளம்புகிறது. கோடையில் மேலே காடு சருகாகக் காய்ந்து கிடக்கும்போது, அணை நீர் இறங்கிய ஈர மண்ணில் வரும் பச்சைப் புல்லைத் தேடித்தான் யானைகள் கூட்டமாக வருகின்றன. வெளிமானுக்கும் அந்த வெளிதான் வீடு. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கிற பிராணி அது, மரத்தை வைத்து அடைத்தால் அங்கே இருக்காது.

மரக்கன்று:
இது தெரியாது. சரி, அப்போ கரையோர மரங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்?

பாறு நேசன்:
அதையும் ஆற்றிடமே விடுங்கள். அங்கே உயரமாக, வெளுத்த வழவழப்பான பட்டையோடு நிற்பது நீர்மருது. வெண்முதுகுப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். தென்னிந்தியாவில் பாறுகள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று. மாட்டுக்குப் போடும் சில வலி மருந்துகள், செத்த மாட்டைத் தின்னும் பாறுகளுக்கு விஷம். அவற்றில் டைக்ளோபினாக்கை 2006லும், கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் இரண்டையும் 2023லும் மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை செய்தார்கள், பெரிய விஷயம்தான், ஆனால் விஷமில்லாத தீனி கிடைத்தாலும் கூடு வைக்க முதிர்ந்த மரம் வேண்டுமே. அந்த மரங்களின் வேர்கள்தான் கரையைப் பிடித்து நிற்கின்றன, வேரிடுக்கில் நீர்நாய் குட்டி போடும். வெள்ளம் கொண்டுவரும் புது வண்டலில் விதை தானாக முளைக்கும்.

பவானிக்கரை:
கைவேலை செய்ய ஆசை இருந்தால் வனத்துறையிடம் சீமைக்கருவேலம் அகற்றும் வேலையைக் கேளுங்கள். அந்தப் புல்வெளியைத் தின்று கொண்டிருப்பது அதுதான். மாடு காயைத் தின்று, சாணம் விழும் இடமெல்லாம் விதைத்துவிட்டுப் போகிறது. வெட்டினால் மறுபடி துளிர்க்கும், அடிவேரோடு எடுக்க வேண்டும், அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கவும் நீங்கள் திரும்பி வர வேண்டும்.