மறு: கணினிக்குள் ஒலியைக் குறைப்பதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி தனக்குள்ளேயே பாட்டின் சத்தத்தைக் குறைப்பதற்கு ('டிஜிட்டல் வால்யூம் கண்ட்ரோல்') தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் குழுவில் எழுந்த கேள்வி. அதற்குப் பரமக்குடி அக்கா முன்வைத்த 'எண்ணிம ஒலியளவுக் கட்டுப்பாடு' என்ற சொல்லை இரண்டு நாளாக வாயில் போட்டு உருட்டிப் பார்த்தேன். பொருளில் பிழை இல்லை. ஆனால் எங்கள் தங்கச்சிமடத்தில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் அண்ணனிடம் அதைச் சொன்னால், மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு திருகு குமிழை எடுத்து நீட்டுவார். இங்கே 'வால்யூம் கண்ட்ரோல்' என்பது ஓர் உதிரிப்பாகத்தின் பெயர். '47 கே வால்யூம் கண்ட்ரோல் ஒண்ணு குடுங்க' என்றுதான் கேட்டு வாங்குவோம்.

அந்தப் பாகம்தான் கடற்கரையில் முதலில் கெடுவது. உள்ளே கரித்தடம் ஒன்று, அதன்மேல் உரசி நகரும் உலோக நாக்கு ஒன்று, அவ்வளவுதான். உப்புக்காற்று பட்டுப்பட்டு, திருகும்போதெல்லாம் கரகரவென்று இரையும். ஒரு நாள் இடப்பக்கப் பெட்டியில் சத்தமே வராது. அதனால்தான் இங்கே பலர் குமிழே வேண்டாம் என்று கணினியை நேராகப் பவர் ஆம்பில் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிபயர்) செருகிவிட்டு, சத்தத்தைக் கணினித் திரையிலேயே குறைத்துக்கொள்கிறார்கள்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் என் மச்சானும் அப்படித்தான் செய்தார். படகு கரையில் நிற்கிறது, ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது. பழைய 100 வாட் ஆம்பைத் தூசி தட்டி மடிக்கணினியோடு இணைத்தார். திரையில் ஒலியளவு 15-இல் இருந்தது. ஒரு நாள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி எழுந்தபோது அது 100-க்குத் திரும்பியிருந்தது. பாட்டைத் தொட்டதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) இரண்டும் போயின. 'வால்யூமைக் கொறச்சுத்தானே வச்சிருந்தேன் மாப்ளே' என்றார். குறைத்துத்தான் வைத்திருந்தார். எந்த இடத்தில் குறைத்தார் என்பதைத்தான் 'வால்யூம்' என்ற சொல் சொல்லவில்லை. நாம் ஆக்கும் சொல் அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

கணினிக்குள் அப்போது ஒலியும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒலியின் ஏற்ற இறக்கத்தை வரிசையாக எண்களாக எழுதி வைத்திருக்கிறது; ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இடம் என்றால் 65,536 படிகள். 20 டெசிபெல் (ஒலி எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அலகு) குறைக்கச் சொன்னால் ஒவ்வோர் எண்ணையும் பத்தில் ஒன்றால் பெருக்குகிறது. (பெருக்கிக் குறைப்பது தமிழ்க் காதுக்கு உறுத்தும், ஆனால் கணக்கு அதுதான்.) 20,000 என்ற எண் 2,000 ஆகும், சிக்கல் இல்லை. மெல்லிய இடத்தில் வரும் 37 என்ற எண் 3.7 ஆகும், 16 பிட்டில் அதற்கு இடம் இல்லை, 4 என்று முழுமையாக்க வேண்டும். வீணையின் நாதம் அடங்கும் வால்பகுதி இப்படித்தான் சொரசொரப்பாகிறது. 6 டெசிபெல் குறைக்குந்தோறும் ஏறக்குறைய ஒரு பிட் போகிறது என்பார்கள். வெளியீடு 24 பிட்டாக இருந்தால் ஒவ்வொரு படிக்குள்ளும் 256 சிறு படிகள் கிடைக்கும். அதே 37 என்பது 9,472 என்று நுழைந்து 947 என்று வெளியேறும். இழப்பு காதுக்கு எட்டாது. ஆகவே 'எண்ணில் குறைத்தால் தரம் போய்விடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'குறைப்பு' வேண்டாம்; எதையோ வெட்டி எறிந்ததுபோல ஒலிக்கிறது. 'தணிப்பு' என்பதை முன்வைக்கிறேன். காற்று தணிந்தது, கடல் தணிந்திருக்கிறது என்கிறோம். கடல் அங்கேயேதான் இருக்கிறது, அதன் வேகம் மட்டும் அடங்கியிருக்கிறது. பாட்டுக்கும் அதுவே நடக்கிறது.

முதலில் 'எண்தணிப்பு' என்று எழுதினேன். நம் குழுவில் இலக்கணம் பார்க்கும் மதுரை ஐயா விடமாட்டார் என்று தெரியும்: எண் + திசை எண்டிசை ஆவதுபோல அது 'எண்டணிப்பு' ஆக வேண்டும். இலக்கணம் சரி, ஆனால் படிப்பவர் தடுமாறுவார். நடுவில் 'வழி' சேர்த்தால் புணர்ச்சியும் இடிக்காது, பொருளும் கூடும்: எண்வழித் தணிப்பு. குமிழாலோ மின்தடையாலோ செய்வது மின்வழித் தணிப்பு. பவர் ஆம்புக்குத் 'திறன் பெருக்கி' போதும்; 'ஒலிபெருக்கி' என்றால் ஊரில் குழாய் ஸ்பீக்கரைத்தான் நினைப்பார்கள்.

இரண்டு சொல்லும் ஜோடியாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எண்களை மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி சில்லின் சொந்த இரைச்சலை எண்வழித் தணிப்பு தொடவே தொடாது. பாட்டைத் தணித்தாலும் அந்த 'ஸ்ஸ்' முழுதாக ஆம்புக்குப் போகும். மச்சானுக்கு நான் செய்துகொடுத்தது இது: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 9.1 கிலோ ஓம், ஒரு 1 கிலோ ஓம் மின்தடை, ஆம்புக்கு முன்னால். மின்னழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிறது, இரைச்சலும் கூடவே தணிகிறது. நகரும் நாக்கு இல்லாததால் கரகரப்பு இல்லை. கணினி மறுபடி 100-க்குத் தாவினாலும் முழு வேகம் ஆம்பைச் சேராது. மீதியைத் திரையில் எண்வழியாகத் தணித்துக்கொள்கிறார்.

அந்தச் சிறு பெட்டிமேல் ஒட்டும் தாளில் 'மின்வழித் தணிப்பு 20 டெசிபெல், கழற்ற வேண்டாம்' என்று எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் ஒட்டப்போகிறேன்.