உபுண்டு 24.04-இல் பைத்தான் 3.8-உம் வேண்டும், 3.12-உம் வேண்டும்: உதவுங்கள்

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம். அப்பா இங்கே தோட்டத்தில் கிராணி. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளின் எடைச்சீட்டுகளைக் கூட்டி மாதக் கணக்குப் போடும் நிரல் ஒன்று வீட்டு மடிக்கணினியில் இருக்கிறது. அது பைத்தான் நிரல்மொழி 3.8, நம்பை என்ற எண்கணக்கு நூலகம் 1.19 இருந்த காலத்தில் எழுதியது. அதே கணினியில்தான் நான் கல்லூரி வேலையும் செய்கிறேன்; அதற்கு 3.12 வேண்டும். உபுண்டு 24.04 இயங்குதளம் ஏற்றியதும் பழைய நிரல் நின்றுவிட்டது. பைத்தான் பொதிகளை ஏற்றும் பிப் கொண்டு நம்பை போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' (இதை நிர்வகிப்பது வேறொன்று) என்று மறுக்கிறது. வென்வ் என்ற தனிச் சூழலுக்குள் போட்டால் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' இல்லை என்கிறது. மாதக் கடைசி நெருங்குகிறது. 3.12-ஐ நீக்கிவிட்டு 3.8 போடலாமா?

தைப்பிங் அண்ணன்:
நீக்க வேண்டாம். பைத்தான்3 என்ற கட்டளையின் இணைப்பை மட்டும் 3.8 பக்கம் திருப்பிவிடு, போதும்.

ஈப்போ அக்கா:
தம்பி, இரண்டையும் செய்யாதே. 24.04-இல் இருக்கும் 3.12 உனக்காக வைத்தது இல்லை, உபுண்டு தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பது. இணைப்பைத் திருப்பினால் டெர்மினலே திறக்காமல் போகலாம், ஏனென்றால் அதைத் தொடங்கிவைப்பதே ஒரு பைத்தான் நிரல். பிப் உன்னை மறுப்பதும் இந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

டிஸ்ட்யூட்டில்ஸ் சிக்கல் வேறு. அது பைத்தானோடு வந்துகொண்டிருந்த பொதி கட்டும் கருவி. 2023 அக்டோபரில் வந்த 3.12-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நம்பை 1.19-க்கு 3.12-இல் ஓடும் தயார்ப் பொதி கிடையாது. அதனால் பிப் மூலநிரலிலிருந்து கட்டப் பார்க்கிறது, கட்டுவதற்கு டிஸ்ட்யூட்டில்ஸைத் தேடுகிறது. 3.8-இல் தயார்ப் பொதி உண்டு, நேராக ஏறிவிடும்.

அதனால் பல பைத்தான் பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் கருவியைப் போடு. அது எல்லாப் பதிப்பையும் உன் ஹோம் கோப்புறைக்குள் தனியாக வைக்கும், உபுண்டுவின் பைத்தானைத் தொடாது. 'பைஎன்வ் இன்ஸ்டால் 3.8' கொடுத்து, கணக்குக் கோப்புறைக்குள் போய் 'பைஎன்வ் லோக்கல் 3.8' கொடு. அங்கே ஒரு சின்னக் கோப்பு உருவாகும். அந்தக் கோப்புறைக்குள் பைத்தான்3 என்று அடித்தால் 3.8, வெளியே வந்தால் பழையபடி 3.12. அப்புறம் அதற்குள் ஒரு வென்வ் உருவாக்கி நம்பையைப் போடு.

முக்கியமானது: பைஎன்வ் மூலநிரலிலிருந்து கட்டும். பில்ட்-எசென்ஷியலையும், எஸ்எஸ்எல், இசட்லிப், எஸ்க்யூலைட், எஃப்எஃப்ஐ ஆகியவற்றின் டெவ் பொதிகளையும் (கட்டும்போது தேவைப்படும் கோப்புகள்) முதலில் ஏற்று. எஸ்எஸ்எல் இல்லாத பைத்தானில் பிப் எதையும் இறக்காது.

கிள்ளான் அண்ணன்:
அக்கா சொன்னது சரி. பழைய மடிக்கணினி, கைப்பேசி ஹாட்ஸ்பாட் என்றால் பைஎன்வுக்குப் பதில் யூவி என்ற கருவியைப் பாருங்கள். கட்டி முடித்த பைத்தானையே இறக்கித் தரும், டெவ் பொதிகள் தேவையில்லை. 'யூவி வென்வ்' கட்டளையில் 3.8 என்று பதிப்பைச் சொன்னால் சூழலும் சேர்ந்து வந்துவிடும்.

சுங்கை சிப்புட் தம்பி:
யூவி வழியில் போட்டேன், நிரல் ஓடுகிறது! கல்லூரி வேலைக்கு 3.12-இல் தனி வென்வ். மிக்க நன்றி அக்கா, அண்ணே. இன்னொன்று: அப்பா டெர்மினல் திறக்க மாட்டார், மேசைத்திரை ஐகானைத்தான் சொடுக்குவார். ஐகானில் சொடுக்கினால் மறுபடி 3.12 வந்து நிற்கிறது.

ஈப்போ அக்கா:
ஐகானுக்கு நீ டெர்மினலில் இயக்கிவைத்த சூழல் தெரியாது. ஐகான் கோப்பில், எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக் வரியில் வெறும் பைத்தான்3 என்று இருக்கும். அந்த இடத்தில் வென்வ் கோப்புறைக்குள் 'பின்' (bin) என்ற உட்கோப்புறையில் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுது, பின்னால் நிரலின் முழுப் பாதை. சூழலை இயக்கவே தேவையில்லை. அந்த வென்வ் கோப்புறையை இனி இடம் மாற்றாதே, பாதைகள் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். மாற்ற வேண்டி வந்தால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு.

பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இந்த மாதக் கணக்கு முடியட்டும். அடுத்த விடுமுறையில் நிரலை 3.12-க்குக் கொண்டுவரப் பார். நம்பை 1.26 முதல் 3.12-இல் ஓடும். எங்கே முட்டுகிறதோ இங்கேயே எழுது, பார்க்கிறேன்.