நவம்பர்ல வெனிஸ், அம்மாவுக்கு முழங்கால் வலி: எப்படிச் சுத்திப் பார்க்கிறது?

ஹட்டன்காரி:
மிலான்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறோம். அங்கிருந்து ஒரு ராத்திரி வெனிஸ்ல தங்க யோசனை. அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. கோச்சியை விட்டு இறங்கினதும் என்ன செய்யணும்? ஊருக்குள்ள தண்ணி ஏறும்ங்கிறாங்களே, எந்த அளவுக்கு? அம்மாவைக் கொண்டோலாப் படகுல ஏத்தலாமா? படத்துல சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கு, பாழடைஞ்ச ஊரா?

பதுளை வாசி:
'வெனேசியா மெஸ்த்ரே'ன்னு போர்டைப் பார்த்ததும் இறங்கிடாதீங்க அக்கா, அது கரையில இருக்கிற பகுதி. அதைத் தாண்டி நீர்ப்பரப்பு மேல நீளப் பாலத்துல ஓடி, பத்து நிமிஷத்துல நிக்கிறதுதான் நீங்க இறங்க வேண்டிய சாண்டா லூசியா ஸ்டேஷன். வெளியில வந்தா எதிர்ல பெரிய கால்வாய்.

அங்க 'ஃபெர்ரோவியா' போட் துறையில மிதக்கிற மேடை பல இருக்கும். 1ஆம் நம்பர் போட் சான் மார்க்கோ சதுக்கத்துப் பக்கம் போற மேடையான்னு பார்த்து ஏறுங்க. மாறி ஏறினா, பஸ் வந்து நிக்கிற பியாத்சாலே ரோமாவோட அது முடிஞ்சிடும். 75 நிமிஷ டிக்கட் 9.50 யூரோ, 24 மணி நேர டிக்கட் 25. மூணு தடவை ஏறினாலே ரெண்டாவதுதான் லாபம். ஏறுறதுக்கு முந்தி டிக்கட்டை மெஷின்ல ஒத்தணும், இல்லாட்டி அபராதம்.

2ஆம் நம்பர் வேகமாப் போகும். ஆனாலும் முதல் தடவைக்கு 1தான். ரெண்டு கரையிலயும் மாறி மாறி நின்னு, முக்கால் மணி நேரத்துல எல்லாத்தையும் காட்டிடும். மாளிகைகளுக்கு முன்வாசல் தண்ணிப் பக்கம். நடந்து மட்டும் பார்க்கிறவங்க முதுகைத்தான் பார்க்கிறாங்க, அதான் வெறும் சந்து பொந்துன்னு அலுத்துக்கிறாங்க.

நானுஓயா:
தோட்டத்துப் படி ஏறின கால்தானேன்னு அம்மாவை நடக்க விட்டுடாதீங்க. அங்க 400க்கு மேல பாலம், அநேகமா எல்லாத்துக்கும் படி. ஏறின கையோட இறங்கணும், முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். சில்லு வச்ச சூட்கேஸையும் தூக்கித்தான் ஆகணும், பெரிசை மிலான்லயே வச்சிட்டுப் போங்க. ரூம் போடுறப்ப, போட் துறையிலிருந்து எத்தனை பாலம்னு கேளுங்க. பாலமே இல்லாத இடமும் கிடைக்கும். விலாசத்துல பேட்டைப் பேரும் நம்பரும்தான் இருக்கும். நம்பர் பேட்டை முழுக்க ஓடுறதால காஸ்தெல்லோங்கிற பேட்டையில 6000ஐத் தாண்டும். தெருப் பேரையும் கேட்டு வச்சுக்குங்க.

கொண்டோலா பகல்ல 30 நிமிஷத்துக்கு 90 யூரோ, ராத்திரி 7க்குப் பிறகு 110. தலைக்கு இல்ல, படகுக்கு. 5 பேர் வரை ஏறலாம். காலை வைக்கிறப்ப ஆடும், ஓட்டுறவர் கை குடுப்பார். 2 யூரோவுக்கு அக்கரை சேர்க்கிற 'த்ரகெத்தோ'வும் இருக்கு, ஆனா அதுல பலரும் நின்னுக்கிட்டுதான் போவாங்க. அம்மாவுக்கு வேணாம்.

கம்பளை:
கடல் வாய்கள்ல 78 இரும்புக் கதவு போட்டிருக்காங்க, 2020 அக்டோபர்ல இருந்து வெள்ளத்தை மறிக்குது. ஆனா கடல் மட்டம் அளவுகோல்ல 110 செ.மீ. வரைக்கும் ஏறும்னு கணிச்சாத்தான் தூக்குவாங்க (தெருவுல நிக்கிற ஆழம் இல்ல). சான் மார்க்கோ சதுக்கம் பள்ளம், 80, 90லயே வடிகால் வழியாத் தண்ணி மேல வரும். ஏத்தம் சில மணி நேரம்தான். நகரசபை போடுற கணிப்பைப் பார்த்து, வத்துற நேரத்துல சதுக்கத்துக்குப் போங்க. கால்வாய் ஓரப் படியில பச்சைப் பாசி இருக்கிற வரைக்கும் தண்ணி வந்து போகுதுன்னு அர்த்தம். படம் எடுக்கிறோம்னு அதுல கால் வச்சா சறுக்கி உள்ளதான்.

சுவர் கதை வேற. சேத்துல மரக் கம்பம் அடிச்சு, மேல இஸ்திரியாங்கிற பகுதியில வெட்டின கல், அதுக்கு மேல செங்கல். காத்துப் படாததால கம்பம் இன்னும் உளுத்துப் போகல. கல்லும் தண்ணியை லேசுல உறிஞ்சாது. கடல் மட்டம் கல்லைத் தாண்டிச் செங்கலைத் தொட்டதுதான் வினை. உப்புத் தண்ணி மேல ஏறி, காயிறப்ப உப்பு பூத்து, காரையை வெளிய தள்ளுது.

ஹட்டன்காரி:
ரொம்ப நன்றி. ஊருக்குள்ள போகவே காசு கட்டணும்னு தங்கச்சி சொல்றா?

பதுளை வாசி:
அது 2024ல வந்தது. ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள குறிச்ச நாள்ல, பகல்ல வந்து போறவங்களுக்கு மட்டும். நவம்பர்ல இல்ல. தங்குறதுக்கு ஆளுக்கு ஒரு சின்ன வரி உண்டு. அநேகமா ரூம் காசுல சேராது, ஹோட்டல்ல தனியாக் கேட்பாங்க.