புதுப்பிப்பு: கெப்பின்ர (பிக்கப் வண்டி) ஸ்டீரிங் நடுக்கம் பிடிபட்டுட்டுது

திருகோணமலையில இருந்து கந்தளாய்ப் பக்கம் போகேக்க 80ஐத் தொட்டா ஸ்டீரிங் நடுங்குது, வீல் பலன்ஸ் பண்ணியும் நிக்கேல்லயெண்டு முன்னம் போட்டிருந்தன் தானே, காரணம் பிடிபட்டுட்டுது. இங்க ஒராள் சொன்ன மாதிரி முன் டயர் ரெண்டையும் பின்னுக்கு மாத்திப் போட்டு ஓடிப் பாத்தம், நடுக்கம் ஸ்டீரிங்க விட்டிட்டு சீட்டுக்கு வந்துட்டுது, அப்ப டயர்தான். ஜாக்கில தூக்கி ஒரு கட்டையை டயருக்குக் கிட்ட வச்சு மெல்லச் சுத்தினா ஒரே இடத்தில மட்டும் வந்து உரசுது, டயருக்கு உள்ளுக்க இருக்கிற கம்பி பெல்ட் கழண்டு அந்த இடம் வீங்கியிருக்கு. பலன்ஸ் மெஷின் பாரத்தத்தான் சரிபண்ணும், வட்டம் கெட்டா பலன்ஸுக்கு எவ்வளவு ஈயக்கட்டி வீலில அடிச்சும் வேலையில்ல. புதுசு மாத்தினாப் பிறகு ஒரு ஆட்டமுமில்ல. இப்பிடி வீங்கின டயர் ஓட்டத்தில வெடிக்கவும் கூடும், தயவுசெய்து உங்கட வண்டியையும் தூக்கிப் பாருங்கோ, டயர்ப் பக்கத்தில இருக்கிற 4 இலக்கத்தையும் பாருங்கோ, 2318 எண்டா 2018ல 23வது கிழமை செய்தது.